எரிசக்தி தணிக்கையாளர் தேர்வு: நான்காம் தாளுக்கு எந்தப் புத்தகங்களை எடுத்துச் செல்வது?

பிஇஇ என்று நாம் சொல்லும் எரிசக்தித் திறன் செயலகத்தின் தேசியச் சான்றிதழ் தேர்வில் நான்கு தாள்கள் உண்டு. முதல் மூன்றில் தேறினால் எரிசக்தி மேலாளர், நான்காவதிலும் தேறினால் எரிசக்தி தணிக்கையாளர். 2001ஆம் ஆண்டின் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி வந்த சான்றிதழ் இது. முதல் மூன்று தாள்களை மனதில் உள்ளதை வைத்துத்தான் எழுத வேண்டும். நான்காம் தாள் ஓப்பன் புக், அதாவது புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம்.

இதைக் கேட்டதுமே பலருக்குப் பெரிய நிம்மதி. நான் முதல் தடவை எழுதப் போனபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒன்பது புத்தகங்களைப் பையில் அடைத்துக்கொண்டு போனேன். தேர்வு முடிந்து எண்ணிப் பார்த்தால், திறந்தது இரண்டைத்தான். காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் காட்டும் ஈரக்காற்று வரைபடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தேடியதிலேயே ஒரு கணக்கு பாதியில் நின்றுபோனது.

படி 1: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

நான்காம் தாளுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் அமைப்பு இது: 2 மணி நேரம், 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்விகள் பத்து, ஐந்து மதிப்பெண் கேள்விகள் இரண்டு, 20 மதிப்பெண் கணக்குகள் நான்கு. சிறு கேள்விகளுக்கு 25 நிமிடம் ஒதுக்கினால், பெரிய கணக்கு ஒவ்வொன்றுக்கும் 24 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே மிஞ்சும். ஒரு கணக்குக்கு ஐந்து நிமிடம் பக்கம் புரட்டினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதனால் ஒரு புத்தகத்தைப் பையில் வைக்கும் முன், "வேண்டியதை அரை நிமிடத்தில் இதில் எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் அது எவ்வளவு நல்ல புத்தகமானாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

நீங்கள் எழுதும் ஆண்டின் அறிவிக்கையையும் அனுமதிச் சீட்டில் உள்ள விதிகளையும் வரி விடாமல் படியுங்கள். எதை அனுமதிப்பார்கள், எந்த வகைக் கால்குலேட்டர் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நண்பர் சொன்னார் என்று போகாதீர்கள்.

படி 2: அடித்தளம் ஒன்றே

பிஇஇ வெளியிட்ட நான்கு வழிகாட்டி நூல்களில் நான்காவதுதான் இந்தத் தாளுக்கு உரியது. கொதிகலன், உலை, வெப்பப் பரிமாற்றி, மோட்டார், பம்ப், விசிறி, கம்ப்ரசர், குளிர்சாதனம், நிதிக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. அச்சிட்டு ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொள்ளுங்கள். மேசையில் விரித்தால் தானாக மூடிக்கொள்ளாது, அது முக்கியம்.

இரண்டாம், மூன்றாம் நூல்களை முழுதாகத் தூக்கிச் செல்ல வேண்டாம். எரிதலுக்குத் தேவையான காற்று, நீராவி, குளிர்விப்புக் கோபுரம் போன்ற சில அத்தியாயங்களை மட்டும் பிரதி எடுத்து, பின்னால் சேர்த்துக் கட்டுங்கள்.

படி 3: நீராவி அட்டவணையில் கவனம்

இங்கேதான் அதிகம் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம். கேள்வியில் "3 கிலோ அழுத்தம், கேஜ்" என்று இருக்கும். கேஜ் என்றால் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் உள்ளது மட்டும். உங்கள் அட்டவணையோ அதையும் சேர்த்த முழு அழுத்தத்தில் இருக்கும். வளிமண்டல அழுத்தமான 1.033-ஐக் கூட்டி, கிட்டத்தட்ட 4 என்ற வரிசையைப் பார்க்க வேண்டும். அங்கே கொதிநிலை சுமார் 143 டிகிரி செல்சியஸ். கூட்டாமல் 3-ஐப் பார்த்தால் சுமார் 133. பத்து டிகிரி தவறி, அதன் பின் வரும் ஒவ்வொரு வரியும் தவறாகும்.

அலகும் அப்படியே. கடைகளில் கிடைக்கும் பல அட்டவணைகள் கிலோஜூலில் இருக்கும், வழிகாட்டி நூலின் கணக்குகள் பெரும்பாலும் கிலோகலோரியில் நடக்கும். கிலோகலோரியில் உள்ள அட்டவணை ஒன்றை வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் கிலோஜூலை 4.187-ஆல் வகுக்க வேண்டும் என்று அதன் அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். முழு அழுத்தமா கேஜா என்பதையும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சிவப்பு மையில் எழுதுங்கள்.

ஈரக்காற்று வரைபடம் ஒன்று தனித்தாளாக, பெரிய அளவில் வேண்டும். ஒரு ஸ்கேலும் கூடவே.

படி 4: உங்கள் கைப்பட இரண்டு தாள்கள்

முதல் தாள் மாற்று எண்களுக்கு. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி, ஒரு டன் குளிர்விப்பு மணிக்கு 3024 கிலோகலோரி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் சுமார் 10 மீட்டர் நீர்மட்ட உயரம் என்பது போன்றவை.

இரண்டாம் தாள்தான் என்னைப் பொறுத்தவரை பையில் இருப்பதிலேயே மதிப்பு மிக்கது. அது ஒரு அகராதி. அத்தியாயத் தலைப்புகளை அப்படியே எழுதாமல், கேள்வியில் வரக்கூடிய சொற்களை அகர வரிசையில் எழுதி, எதிரே பக்க எண் போடுங்கள். "உபரிக் காற்று", "விசிறி வேகம் குறைத்தால்", "மடக்கை சராசரி வெப்பநிலை வேறுபாடு" இப்படி. விசிறி வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்தேவை வேகத்தின் மும்மடியில் இறங்கி 51 சதவீதத்துக்கு வரும் என்பது போல, அடிக்கடி வருவதை அங்கேயே ஒரு வரியில் எழுதிவிடலாம். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வரும் என்பதால் அந்தச் சொல்லையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இதை அடுத்தவரிடம் வாங்கிப் பிரதி எடுக்காதீர்கள். எழுதும்போதுதான் பக்கம் மனதில் பதிகிறது.

படி 5: பழைய கணக்குகள்

முந்தைய ஆண்டுகளின் தீர்வுகளை ஆண்டுவாரியாகக் கட்டாமல் கருவிவாரியாகப் பிரியுங்கள். கொதிகலன் கணக்குகள் ஒரு கட்டு, பம்ப் ஒரு கட்டு. ஒவ்வொரு வகையிலும் மூன்று போதும். கடைசிக் கேள்வியில் அனல் மின்நிலையம், எஃகு, சிமென்ட், ஜவுளி என்று துறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்துவந்திருக்கிறது. உங்கள் வேலைக்கு நெருக்கமானதை இப்போதே முடிவு செய்து, மற்றவற்றை விட்டுவிடுங்கள். திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவருக்கு ஸ்டென்டரில் துணி உலர்வது கண்ணால் பார்த்த விஷயம். அவர் சிமென்ட் சூளையைப் புதிதாகப் படிக்கத் தேவையில்லை.

படி 6: பையோடு ஒத்திகை

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு பழைய கேள்வித்தாளை இதே பையை மட்டும் வைத்து 2 மணி நேரத்தில் எழுதிப் பாருங்கள். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதன் மேல் ஒரு கோடு போடுங்கள். இரண்டு ஒத்திகைக்கு அப்புறம் கோடே விழாததை வெளியே எடுத்துவிடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று தோன்றும், இருந்தாலும் எடுத்துவிடுங்கள். தேடியும் கிடைக்காமல் போனது எதுவோ அதை அகராதித் தாளில் சேருங்கள்.

இரண்டாம் தடவை நான் கொண்டு போனவை: நான்காம் நூலும் அதன் பின்னால் சேர்த்த அத்தியாயங்களும், நீராவி அட்டவணை, வரைபடம், ஒரு கணக்குக் கட்டு, அந்த இரண்டு தாள்கள். தேர்வறை மேசையில் எல்லாம் அடங்கின. அகராதித் தாளை மட்டும் கடைசி வரை கையை எடுக்காமல் இடப்பக்கம் வைத்திருந்தேன்.