பூர்வகுடி அமைப்புகள் பற்றிய மாணவர் ஆய்வு: திருத்துபவர்கள் கோட்டை விடும் இடங்கள்

ஆஸ்திரேலியப் பள்ளிகளில் மாணவர்கள் பூர்வகுடி மக்களின் தொழில் நிறுவனங்களையும் சமூக அமைப்புகளையும் பற்றி ஆய்வு எழுதுகிறார்கள். அவற்றைத் திருத்தும்போது நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். ‘இங்கே முடிவெடுப்பது யார்?’ என்று மாணவர் தேடினாரா என்பதைப் பார்க்காமலேயே மதிப்பெண் போட்டுவிடுகிறோம்.

பூர்வகுடி ஓவியப் பாணியான புள்ளி ஓவியம் அச்சிட்ட பொருள் விற்கிற கடையெல்லாம் பூர்வகுடி நிறுவனம் ஆகிவிடாது. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளைப் பூர்வகுடிக் கைவேலை என்று தோன்றும்படி விற்றதற்காக பிருபி ஆர்ட் நிறுவனத்துக்கு 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. இப்படிப்பட்ட கடையைப் பற்றி வண்ணப் படங்களோடு எட்டுப் பக்கம் வந்தாலும், உடைமை யாருடையது என்ற வரி இல்லையென்றால் அந்த ஆய்வு அடிப்படையிலேயே விழுந்துவிட்டது.

சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். பூர்வகுடி நிறுவனங்களின் பதிவாளர் அலுவலகமான ஓரிக்கின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். பதிவு எண், இயக்குநர்கள், விதிப்புத்தகம் எல்லாம் அங்கே கிடைக்கும். விதிப்புத்தகத்தில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: யார் உறுப்பினர் ஆகலாம், இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பது யார், அமைப்பைக் கலைத்தால் சொத்து எங்கே போகும். மாணவர் இதிலிருந்து இரண்டு வரி எடுத்து விளக்கியிருந்தாலே, விளம்பர வாசகங்களை நகலெடுத்த பத்துப் பக்கத்தைவிட அது மேல்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ஓரிக்கில் பெயர் இல்லை என்றதும் மதிப்பெண்ணைக் குறைப்பது. 1972இல் தொடங்கிய ஓவியர் நிறுவனமான பாப்புன்யா துலா ஆர்ட்டிஸ்ட்ஸ் சாதாரணத் தனியார் கம்பெனி வடிவில் இயங்குவது. ஆனால் அதன் உடைமை மேற்குப் பாலைவனப் பூர்வகுடி மக்களிடம் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் உள்ளூர்ப் பூர்வகுடி நிலக் கவுன்சில்கள் 1983ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றை ‘அரசுத் துறை’ என்று மாணவர் எழுதினால் திருத்துபவரும் சேர்ந்து டிக் போட்டுவிடுகிறார். அவற்றின் குழுவைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள்தான்.

அடுத்தது அளவுகோல். லாபம், போட்டியாளர், வாடிக்கையாளர் என்று வணிகப் பாடத்தின் படிவத்தை அப்படியே கொடுத்தால் சேவை அமைப்புகள் எல்லாம் தோற்றதுபோலத் தெரியும். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் பூர்வகுடி மருத்துவச் சேவை தோன்றியதற்குப் பொது மருத்துவமனைகளில் பூர்வகுடி மக்கள் சந்தித்த பாகுபாடு ஒரு முக்கியக் காரணம். அதைப் புரிந்து எழுதிய மாணவருக்கு, நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் அடுக்கியவரைவிட அதிகம் கொடுக்க வேண்டும். 20 மதிப்பெண் என்றால் முடிவெடுப்பது யார் என்பதற்கான சான்றுக்கு 6, தோன்றிய காரணத்துக்கு 5, மக்களுக்குப் போய்ச்சேரும் பயனுக்கு 5, ஆதாரங்களைக் கையாண்ட விதத்துக்கு 4 என்று பிரிக்கலாம். அட்டை அலங்காரத்துக்குத் தனி மதிப்பெண் வேண்டாம்.

நேர்காணலைக் கட்டாயமாக்குவது நல்லெண்ணத்தில் செய்யும் பிழை. மூன்று பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு 28 மாணவர்கள் ஒரே கேள்விகளோடு மின்னஞ்சல் அனுப்பினால் என்ன ஆகும்? ஆசிரியரே ஒருமுறை பேசி, வகுப்பு முழுவதற்கும் ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்யலாம். வந்து பேசுபவருக்கு அவருடைய நேரத்துக்கான கட்டணமும் தர வேண்டும். நேர்காணல் இருந்தால் எழுத்து ஒப்புதல் இணைத்திருக்கிறதா, பேசியவர் தம் மேற்கோளைப் பார்த்துச் சரியென்றாரா என்று பாருங்கள். இறந்தவர்களின் பெயரையோ படத்தையோ காண்பது பல பூர்வகுடிச் சமூகங்களில் மனவேதனை தரும் என்பதால், அவை இருந்தால் முதல் பக்கத்தில் எச்சரிக்கைக் குறிப்பு வேண்டும். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள்.

‘பூர்வகுடி மக்களின் பண்பாடு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியதை விட்டுவிடாதீர்கள். ரெட்ஃபெர்ன் என்றால் கடிகல் மக்களின் நிலம். பாப்புன்யா துலா என்றால் பின்டுபி, லுரிட்ஜா என்று அந்த மக்களின் பெயர் வர வேண்டும்.

ஆண்டையும் கவனியுங்கள். பூர்வகுடி, டோரஸ் நீரிணைத் தீவு மக்களுக்கான அரசு அமைப்பாக இருந்த ஆட்ஸிக் ஆணையம் 2005இலேயே கலைக்கப்பட்டது. அது இன்றும் நிதி தருவதாக ஒரு கட்டுரை சொன்னால், பழைய பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம்; மற்ற தகவல்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே மதிப்பெண் போடுங்கள்.