முழு பலத்தைக் கேட்காமல் முதுகு, வயிற்றுத் தசைகளின் இயக்கத்தை அளப்பது

இடுப்பு வலியோடு வருபவரிடம் "முடிந்த மட்டும் அழுத்துங்க" என்று சொன்னால், வலியும் பயமும் விடுகிற அளவுக்குத்தான் அழுத்துவார். அதை 100 சதவீதமாக வைத்தால் அடுத்து அளக்கும் எல்லாமே கூடுதலாகத் தெரியும். தசை இயங்கும்போது எழும் மின் சிக்னலை அளக்கும் இ.எம்.ஜி. கருவி காட்டும் மைக்ரோவோல்ட்டை (வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நேரடியாக ஒப்பிடவும் வழியில்லை. தோலடிக் கொழுப்பும், சிக்னலை எடுக்கத் தோலில் ஒட்டும் பேட் (மின்முனை) இருக்கும் இடமும் அதை ஆளுக்கு ஆள் மாற்றிவிடும். வலி உள்ளவரும் செய்யக்கூடிய லேசான ஒரு வேலையை அளவுகோலாக வைப்பதே சரி.

தோலை மழித்து, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, உலரவிட்டு ஒட்டுங்கள். இரண்டு பேட்களின் மையங்களுக்கு இடையே 20 மி.மீ., தசை இழை ஓடும் திசையில். முதுகில், எல்-1 முள்ளெலும்பிலிருந்து (கீழ்முதுகின் முதல் முள்ளெலும்பு) பக்கவாட்டில் இரண்டு விரல் அகலம் தள்ளி. வயிற்றில், தொப்புளுக்குப் பக்கத்தில் 3 செ.மீ. அளந்து முடியும்வரை பேட்டைக் கழற்றக் கூடாது. கழற்றி ஒட்டினால் அளவுகோலையும் மறுபடி எடுக்க வேண்டும்.

வயிற்றுக்கு: மல்லாந்து படுத்து, முழங்கால் 90 டிகிரி, இடுப்பு மூட்டு 45 டிகிரி மடங்க, இரு பாதங்களையும் ஒன்றாக 1 செ.மீ. தூக்க வேண்டும். முதுகுக்கு: குப்புறப் படுத்து, முழங்கால்களை 90 டிகிரி மடக்கி, இரண்டையும் 5 செ.மீ. தூக்க வேண்டும். உயரம் கூடினால் சிக்னலும் கூடும். "கொஞ்சம் தூக்குங்க" என்பது போதாது. கட்டிலுக்குக் குறுக்கே ஒரு நூல் கட்டி, தொடை அதைத் தொட்டதும் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சைப் பிடித்தால் பக்கவாட்டு வயிற்றுத் தசைகள் இறுகி அளவைக் கெடுக்கும். இயல்பாக மூச்சு விடட்டும்.

5 விநாடி பிடிப்பு, மூன்று முறை, நடுவே 1 நிமிட ஓய்வு. ஒவ்வொன்றிலும் நடுவிலுள்ள 3 விநாடியின் ஆர்.எம்.எஸ். மதிப்பை (ஏறி இறங்கும் சிக்னலின் சராசரி வலிமையைக் காட்டும் எண்) எடுத்து, மூன்றுக்கும் சராசரி போடுங்கள். ஒன்று மட்டும் தனியே விலகி நின்றால் உயரத்தையும் கோணத்தையும் பார்த்துவிட்டு மறுபடி எடுங்கள்.

லேசான வேலையில் சிக்னல் சிறியது. அதனால் இதயத் துடிப்பு அதில் பெரிதாகத் துருத்தும், இடப் பக்கம் இன்னும் அதிகமாக. விநாடிக்கு 1000 மாதிரிகளுக்குக் குறையாமல் பதிந்து, 30 ஹெர்ட்ஸுக்குக் (விநாடிக்கு 30 அதிர்வு) கீழே உள்ளதை வடிகட்டினால் பெரும்பகுதி போய்விடும். ஓய்வில் இருக்கும் அளவையும் தனியாகப் பதியுங்கள். ஓய்வில் 4, அளவுகோலில் 6 மைக்ரோவோல்ட் என்றால் அந்த அளவுகோல் உதவாது. இரைச்சலே சதவீதத்தை ஆட்டிவைக்கும்.

கணக்கு எளிது. அளவுகோல் 40, குனிந்து எழும்போது 24 என்றால் 60 சதவீதம். இது அளவுகோலின் சதவீதம்தான், தசை பலத்தின் சதவீதம் அல்ல. 100ஐத் தாண்டினாலும் தவறில்லை.

ஒரு சிக்கல் மட்டும் தீராது. வலிக்குப் பயந்து அளவுகோல் வேலையிலேயே ஒருவர் முதுகை இறுக்கினால், வகுக்கும் எண் பெருத்து, மற்ற வேலைகளில் அவர் தசை குறைவாக இயங்குவது போலத் தோன்றும். அதனால் வலி உள்ளவரையும் இல்லாதவரையும் ஒப்பிடும்போது, சதவீதத்துக்குப் பக்கத்தில் அளவுகோலின் மைக்ரோவோல்ட்டையும், அப்போது அவர் சொன்ன வலி அளவையும் (0 முதல் 10) சேர்த்தே எழுதிவையுங்கள்.