நடுச்சாலையில் ஹெலிகாப்டர் இறங்கினால்: பெர்த்தில் முதன்முறை கார் ஓட்டப் போகிறவர்களுக்கு

நம் சிங்கப்பூரில் இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை. தீவு விரைவுச்சாலையில் விபத்து என்றால் 995-ஐ அழைப்போம், ஆம்புலன்ஸ் வந்துவிடும். செம்பவாங்கிலிருந்து கிளம்பும் ஆகாயப்படையின் மீட்பு ஹெலிகாப்டரை நாம் கேள்விப்படுவது, கடலில் கப்பலில் யாருக்காவது முடியாமல் போனால்தான்.

ஆனால் டிசம்பர் விடுமுறையில் எங்கள் புளோக்கில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில்தான் இருக்கிறார்கள். அங்கிருந்து அல்பனி நகருக்குக் காரில் போனால் 400 கிலோமீட்டருக்கு மேல். வழியில் விபத்தாகி பலத்த காயம் என்றால் ஆளைப் பெர்த்துக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும். அதற்காகத்தான் ஜண்டகாட்டிலும் பன்பரியிலும் மீட்பு ஹெலிகாப்டர்கள் தயாராக நிற்கின்றன. விபத்து நடந்த இடத்தில் அது தார்ச்சாலையிலேயே இறங்கலாம். அப்போது பக்கத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வது?

படி 1: இடத்தைச் சொல்லுங்கள்

அங்கே அவசர எண் 000. சாங்கியில் விமானம் ஏறுவதற்கு முன்பே 'எமர்ஜென்சி பிளஸ்' செயலியைக் கைப்பேசியில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அது காட்டும், அப்படியே வாசித்தால் போதும். ஹெலிகாப்டர் அனுப்புவதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

பெரும்பாலும் போலீசோ தீயணைப்புத் தொண்டூழியர்களோ முதலில் வந்து இடத்தை ஒழுங்குபடுத்திவிடுவார்கள். அப்படியென்றால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், அவ்வளவுதான். கீழே உள்ளதெல்லாம் அவர்கள் இன்னும் வராதபோது, அல்லது உங்களிடம் உதவி கேட்கும்போது.

படி 2: 30 மீட்டர்

ஹெலிகாப்டர் இறங்க நீளம் 30 மீட்டர், அகலம் 30 மீட்டர் என்று காலி இடம் வேண்டும். எவ்வளவு என்று பிடிபடவில்லையா? நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் ஒரு லாட்டின் அகலம் 2.4 மீட்டர், ஆக பன்னிரண்டு பதின்மூன்று லாட்டுகள் வரிசையாக. இன்று இரவு கீழே இறங்கி ஒருமுறை நடந்து பாருங்கள், நினைத்ததைவிடப் பெரியது. தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். காயம்பட்டவருக்கு மிக அருகே இடம் தேடாதீர்கள், புழுதியும் கல்லும் அவர்மேல்தான் வந்து விழும்.

படி 3: கம்பிகளைத் தேடுங்கள்

இதுதான் முக்கியம் என்பேன். மேலிருந்து பார்க்கும் விமானிக்கு மின்கம்பி தெரிவதே இல்லை, கீழே நிற்கும் நமக்கும் சட்டென்று கண்ணில் படாது. அதனால் கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். சாலையின் இந்தப் பக்கம் ஒரு கம்பம், எதிர்ப்பக்கம் பண்ணை வீட்டருகே இன்னொன்று நின்றால், நடுவில் சாலைக்குக் குறுக்கே கம்பி போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை 000-வில் பேசுபவரிடமோ வந்திருக்கும் அதிகாரியிடமோ சொல்லுங்கள். வேலி, சாலைப் பலகை, மேயும் ஆடுகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லலாம். இறங்குவதா வேண்டாமா என்பது விமானியின் முடிவு.

படி 4: பறப்பதையெல்லாம் உள்ளே போடுங்கள்

போன வருடம் மவுண்ட் பார்க்கர் அருகே இதை நேரில் பார்த்தேன். நாங்கள் நன்றாகத் தள்ளித்தான் காரை நிறுத்தியிருந்தோம். பூட் திறந்திருந்தது. உள்ளே ரைஸ் குக்கர், அதன்மேல் தேக்காவில் வாங்கிய பிளாஸ்டிக் பாய். ஹெலிகாப்டர் நான்கு மாடி உயரத்துக்கு வந்திருக்கும், பாய் சுருள் பிரிந்து எழும்பி வேலியில் போய் ஒட்டிக்கொண்டது. நல்ல வேளை, வேலி இருந்தது. காற்று தரையில் அடித்துப் பரவி, தடை வந்தால் மேலே திரும்பும். லேசான துணியோ பையோ அதோடு போய் இறக்கைக்குள் சிக்கலாம்.

ஆகவே தொப்பி, துண்டு, குடை, போர்வை எல்லாம் காருக்குள். பூட்டையும் கதவுகளையும் மூடுங்கள், கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகை இறங்கும் இடத்துக்குள் இருந்தால் எடுத்துவிடுங்கள். சிகரெட் கூடவே கூடாது. டிரோன் வைத்திருக்கும் தம்பிகளே, அது பெட்டியிலேயே இருக்கட்டும்.

படி 5: நில்லுங்கள், ஓடாதீர்கள்

இறங்கியதும் ஸ்ட்ரெச்சரைத் தூக்க ஓடத் தோன்றும். வேண்டாம். ஊழியர் கையசைத்துக் கூப்பிடும் வரை யாரும் நகரக் கூடாது. வால் இறக்கை நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு மேல் சுழலும். அந்த வேகத்தில் அது கண்ணுக்கே தெரியாது. அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். கூப்பிட்டால் விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கமாக, தலையைத் தாழ்த்தி நடங்கள். எதையும் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. சரிவான இடமென்றால் தாழ்வான பக்கத்திலிருந்துதான், மேட்டுப் பக்கத்தில் இறக்கை தலைக்கு மிக அருகே சுழலும். குழந்தைகளைக் காருக்குள் உட்காரவைத்துவிடுங்கள், வேடிக்கை கண்ணாடி வழியாகவே நன்றாகத் தெரியும்.

படி 6: இரவில்

ஹெலிகாப்டர் தூரத்தில் வரும்போது காரின் அபாய விளக்குகள் மினுக்குவது விமானிக்கு இடத்தைக் காட்டும். நெருங்கியதும் அதை நோக்கி இருக்கும் முன்விளக்கை அணைத்துவிடுங்கள். டார்ச், கேமரா பிளாஷ் எதையும் மேலே காட்டாதீர்கள், ஒரு நொடி கண் கூசினாலே போதும்.

கிளம்பும்போதும் அதே காற்றுதான், சத்தம் தேய்ந்து மறையும் வரை கதவைத் திறக்க வேண்டாம். எங்கள் பாயை அப்புறம்தான் போய் வேலியிலிருந்து எடுத்தோம், ஒரு ஓரம் முழுக்கக் கிழிந்திருந்தது.