வெளியுறவு அமைச்சரின் நாடாளுமன்றப் பதிலைப் படிப்பது எப்படி, அடுத்த கேள்வியை அனுப்புவது எப்படி: நீலகிரி வாசகர்களுக்கு

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி (அன்றைய இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்டது), இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னாளில் டேன்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. ஆகவே கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இலங்கை மலைநாட்டின் ஹட்டனும் நுவரெலியாவும் உறவினர் வசிக்கும் ஊர்கள். இலங்கைத் தமிழர் உரிமை பற்றி வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னால், அது இங்கே வீட்டு விஷயமாகவே பேசப்படுகிறது. ஆனால் செய்தித்தாளில் வரும் நான்கு வரியை வைத்துக்கொண்டு அமைச்சர் என்ன சொன்னார் என்று முடிவு கட்டுவது சரியாக இராது. மூலப் பதிலைத் தேடிப் படிக்கவும், அதில் விடுபட்டதை அடுத்த கேள்வியாக எழுப்பவும் வழி இருக்கிறது. அதிகச் செலவும் ஆகாது.

முதலில், கேள்வி எந்த அவைக்கும் எந்த அமைச்சகத்துக்கும் உரியது என்று தெளிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு உறவு, குடியுரிமை இரண்டும் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் உள்ளவை. தமிழ்நாடு சட்டமன்றம் இவை குறித்துத் தீர்மானம் நிறைவேற்றலாம், நிறைவேற்றியும் இருக்கிறது. எனினும் வெளியுறவுக்குப் பொறுப்பான அமைச்சரைக் கேள்வி கேட்டு மடக்கும் இடம் தில்லிதான். அங்கும் எல்லாமே வெளியுறவு அமைச்சகத்தின் தலையில் விழுவதில்லை. குடியுரிமைச் சான்று, முகாம்வாழ் இலங்கைத் தமிழர், மறுவாழ்வு ஆகியவை உள்துறை அமைச்சகத்தைச் சேர்ந்தவை. இலங்கைக் கடற்படை மீனவரைக் கைது செய்வது, இலங்கையில் இந்தியா செய்யும் உதவித் திட்டங்கள், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இந்தியாவின் வாக்கு ஆகியவை வெளியுறவு அமைச்சகத்துக்குரியவை. இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்தால், பாதிக் கேள்விக்குப் பதில் வராது.

பதில்களைத் தேடுவது எளிது. நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் மக்களவை, மாநிலங்களவை என்று தனித்தனியே கேள்விப் பகுதி உள்ளது. அமைச்சகம், உறுப்பினர் பெயர், தேதி, பொருள் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். வெளியுறவு அமைச்சகமும் தன் தளத்தில் நாடாளுமன்றப் பதில்களைத் தனியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இருக்கும் என்பதால், வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருவரை உடன் வைத்துக்கொள்வது நல்லது. அமைச்சரின் பதிலை மட்டும் படித்துவிட்டு மேலே உள்ள கேள்வியை விட்டுவிடக் கூடாது. கேள்வியோடு சேர்த்துப் படித்தால்தான் எதற்குப் பதில் வந்தது, எது நழுவவிடப்பட்டது என்பது தெரியும்.

கேள்விகள் (அ), (ஆ), (இ), (ஈ) எனப் பிரித்துக் கேட்கப்படும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே பதில் இருந்தால், அமைச்சகத்திடம் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம். ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று ஒரே பத்தியாகச் சேர்த்துக் கட்டியிருந்தால், ஒவ்வொரு பிரிவையும் அந்தப் பத்தியோடு ஒப்பிட்டு, பதில் கிடைத்ததை அடித்துவிட்டு, மீதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மீதிதான் அடுத்த கேள்விக்கான கச்சாப்பொருள். ‘கேள்வி எழவில்லை’ என்று இருந்தால், முந்தைய பிரிவுக்குச் சொன்ன ‘இல்லை’யைத் தொடர்ந்து இயல்பாக வந்ததா, சங்கடத்தைத் தவிர்க்கச் சேர்த்ததா என்று பார்க்க வேண்டும். வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும்: ‘வலியுறுத்தப்பட்டது’ என்பது பேசியதைச் சொல்கிறதே ஒழிய, மறுதரப்பு ஒப்புக்கொண்டதைச் சொல்லவில்லை.

இலங்கை பற்றிய பதில்களில் சில தொடர்கள் ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்றுபட்ட இலங்கைக்குள் தமிழரின் சமத்துவம், நீதி, அமைதி, கண்ணியம் ஆகியவற்றுக்கான வேட்கையை இந்தியா ஆதரிக்கிறது என்பதும், மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தைச் செயல்படுத்த வேண்டும் என்பதும் அவற்றுள் முக்கியமானவை. இவற்றைப் படித்து மகிழவும் வேண்டாம், வெறும் பூசிமெழுகல் என்று தள்ளவும் வேண்டாம். பக்கத்து நாட்டுடன் நாளையும் பேச வேண்டிய அமைச்சர், அவையில் அளந்துதான் பேசுவார்; அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கொழும்பிலும் படிக்கப்படும். அரசின் நிலைப்பாடு நகர்ந்ததா என்பதை அறிய அந்தத் தொடர்களைவிட வாக்குகளே உதவும். மனித உரிமைப் பேரவையில் இலங்கை மீதான தீர்மானத்தை 2012லும் 2013லும் ஆதரித்து வாக்களித்த இந்தியா, 2014லும் 2021லும் 2022லும் வாக்களிக்காமல் விலகி நின்றது. 2014 மார்ச்சில் விலகி நின்றபோது தில்லியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு. அடுத்த இரு முறையும் பா.ஜ.க. தலைமையிலான அரசு. ஆகவே ஆளும் கட்சி மாறியதைக் கொண்டு மட்டும் இதை விளக்கிவிட முடியாது. இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தந்தக் காலத்து அமைச்சர் பதில்களை அவற்றின் எதிரே வைத்துப் படித்தால், எந்தச் சொல் புதிதாகச் சேர்ந்தது, எது சத்தமில்லாமல் போயிற்று என்பது கண்ணில் படும்.

இனி, கேள்வி அமைப்பது. மக்களவை விதிகளின்படி ஒரு கேள்வி பொதுவாக 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அதில் வாதம், ஊகம், கேலி, குற்றச்சாட்டு இருக்கக் கூடாது. அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்கக் கூடாது. நட்பு நாடு ஒன்றை அவமதிக்கும் விதமாகக் குறிப்பிடக் கூடாது. மனித உரிமை பற்றி எழுதும்போது நம்மவர் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்தக் கடைசி விதியில்தான். ‘இலங்கை அரசின் கொடுமைகளைக் கண்டிக்க அரசு தயாரா’ என்று எழுதினால் அது மக்களவைச் செயலகத்திலேயே நின்றுவிடும். தப்பித் தவறி ஏற்கப்பட்டாலும், மேலே சொன்ன பழைய தொடர்களே பதிலாக வரும். பெரிய கேள்விக்குப் பெரிய சொற்களும், சிறிய கேள்விக்கு எண்களும் கிடைக்கும் என்பதே பதில்களைத் தொடர்ந்து படிப்பவர் காணும் நிலை. எடுத்துக்காட்டாக, இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வாழும் மலையகத் தமிழருக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டித் தருவதாக 2017 மே மாதம் அங்குள்ள நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தார். அதை வைத்து இப்படிக் கேட்கலாம்:

‘(அ) இலங்கை மலையகத் தமிழருக்காக 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட 10,000 வீடுகளில் இதுவரை கட்டி முடித்து ஒப்படைக்கப்பட்டவை எத்தனை; (ஆ) அவற்றின் மாவட்டவாரி விவரம் என்ன; (இ) பயனாளிகளுக்கு நில உரிமைப் பத்திரம் வழங்குவது குறித்து இலங்கை அரசுடன் பேசப்பட்டதா; (ஈ) பேசப்பட்டிருப்பின், எப்போது பேசப்பட்டது, அதன் முடிவு என்ன?’

இதில் கண்டனச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் நான்கு பிரிவும் சேர்ந்து ஓர் உரிமைப் பிரச்சினையை அவைக் குறிப்பில் ஏற்றிவிடுகின்றன.

இதைக் கேட்க வேண்டியவர் நாடாளுமன்ற உறுப்பினர். நீலகிரி மக்களவைத் தொகுதியில் உதகமண்டலம், கூடலூர், குன்னூர் ஆகியவற்றோடு மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் பகுதிகளும் அடங்கும் என்பதால், உறுப்பினரின் மேசையில் சமவெளிக் கோரிக்கைகளும் குவிந்திருக்கும். எனவே நீண்ட மனுவாக இல்லாமல், அப்படியே தட்டச்சு செய்து அனுப்பக்கூடிய கேள்வியாக, ஆங்கில வடிவத்தையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களில் ஒருவருக்கும் அனுப்பலாம். கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு தேவை. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் பதில் சொல்லும் நாள் கூட்டத்தொடர்தோறும் அறிவிக்கப்படும். அட்டவணை வந்த உடனேயே கேள்வி உறுப்பினர் கையில் இருந்தால்தான் பயன்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வியா, குறியில்லாததா என்பதையும் யோசித்துச் சொல்லலாம். குறியிட்டதற்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக்கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 மட்டுமே பட்டியலில் இடம்பெறும். முன்னுரிமை குலுக்கலில் தீர்மானிக்கப்படும். ஒரு மணி நேரத்தில் பட்டியல் முழுவதும் எட்டப்படுவது அரிது. எண்ணிக்கை வேண்டுமானால் எழுத்துப்பூர்வ பதில் கிடைக்கும் குறியில்லாக் கேள்வியே போதும். நிலைப்பாட்டைக் கறந்தெடுக்க வேண்டுமானால், துணைக்கேள்விகளையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, குறியிட்டதை முயன்று பார்க்கலாம்.

பதில் வந்த பிறகும் ஒரு வேலை உண்டு. ‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்’ என்றோ ‘பரிசீலனையில் உள்ளது’ என்றோ அமைச்சர் சொல்லியிருந்தால், அது உறுதிமொழியாகக் கருதப்படத்தக்கது. அத்தகைய உறுதிமொழிகளை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறினவா என்று பார்க்க அரசு உறுதிமொழிகள் குழு இரு அவைகளிலும் இருக்கிறது. பதிலின் தேதி, கேள்வி எண், அந்த வாக்கியம் மூன்றையும் குறித்து வைத்து, மூன்று மாதம் கடந்ததும் அதே உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுத்தில் நினைவூட்ட வேண்டும்.