இங்கிலீஷைக் கூட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போகாதீர்கள்

மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்ப்பவர்கள். மெக்சிகோவிலோ கொலம்பியாவிலோ அவர்களுக்கு ஒரு கிளையன்ட் இருப்பார். மீதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். வருடத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுவார்கள்: “மேடம், ஸ்பெயினுக்குப் போய் ஒரு மாசம் இருந்தா தானா வந்துடும் இல்ல?” நானும் அந்த நம்பிக்கையில்தான் சலமாங்காவுக்குப் போனேன், மே கடைசியில், ஆறு வாரத்துக்கு. முதல் இரண்டு வாரத்தில் தானாக வந்தது சளி மட்டும்தான். ஊர் சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடையிலும் ராத்திரி குளிரும் என்று யோசிக்காமல் ஒரு ஸ்வெட்டர்கூட எடுத்துப் போகவில்லை.

ஸ்வெட்டரை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மற்ற தவறுகளைச் சரிசெய்யத்தான் நாளானது. நான் செய்தவை, எனக்குப் பின் போன என் மாணவர்கள் செய்தவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: ஸ்பானிஷை நாம் இங்கிலீஷ் வழியாகப் போய்த் தொடுகிறோம்.

ஒரு நாள் நான் தங்கியிருந்த வீட்டுச் சமையலறையில் கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கீழே போட்டுவிட்டேன். பதறிப்போய், மனதில் ஓடிய இங்கிலீஷ் வாக்கியத்தை அப்படியே திருப்பி, “ரொம்பி எல் பாசோ” என்றேன். டம்ளரை உடைத்தேன் என்று அர்த்தம். இலக்கணத்தில் பிழை இல்லை. வீட்டுக்கார அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டே, “ஏன், என்மேல் கோபமா?” என்று சிரித்துவிட்டுத் திருத்தினார்: “சே தெ ஆ கயீதோ.” உன் கையிலிருந்து விழுந்துவிட்டது. அட, நம் வீட்டில் என்ன சொல்வோம்? “டம்ளர் கை தவறி விழுந்துடுச்சு” என்றுதானே? வேண்டுமென்றே செய்ததற்கு ஒரு வாக்கியம், தானாக நேர்ந்ததற்கு ஒரு வாக்கியம். தமிழில் பிறந்ததிலிருந்து செய்துவருவதை ஸ்பானிஷில் செய்யத் தெரியாமல் நின்றிருந்தேன், நடுவில் இங்கிலீஷ் குறுக்கே நின்றதால்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். “மெ குஸ்தா”வை இங்கிலீஷ்காரர்களுக்குப் புரியவைக்க ஆசிரியர்கள் படாத பாடு படுவார்கள். நமக்கு அது “எனக்குப் பிடிக்கும்”, அவ்வளவுதான். “மெ துவெலெ லா கபேசா” என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. “சே மெ ஒல்விதோ” என்றால் எனக்கு மறந்துபோச்சு. வினையின் வாலிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் ‘வந்தேன்’ என்று சொன்னாலே போதும், ‘நான்’ வேண்டாம், அங்கேயும் அப்படித்தான். ஆனால் நம் ஆட்கள் இங்கிலீஷ் பழக்கத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் “யோ, யோ” என்று போட்டு, ‘நான்தான், நான்தான்’ என்று மார்தட்டுகிற மாதிரி பேசுவார்கள்.

காபிக் கடையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். “நான் ஒரு காபி பெற்றுக்கொள்ளக்கூடுமா” என்கிற இங்கிலீஷ் மரியாதையை மொழிபெயர்த்துக்கொண்டு கவுன்ட்டரில் நின்றால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். அந்த ஊர்க்காரர்கள் கேட்பது “மெ போனெஸ் உன் கஃபே?” எனக்கு ஒரு காபி போடறீங்களா? ‘போனேர்’ என்ற வினைக்கே போடுவது, வைப்பது என்றுதான் பொருள். மயிலாப்பூர் மெஸ்ஸில் கேட்பதைப் போலவே கேட்டால் போதும்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழ் உதவும், தமிழ் எழுத்து உதவாது. என் மாணவர் ஒருவர் நோட்டுப் புத்தகம் முழுக்க உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வலென்சியாவில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். அங்கே பல கடைகளில் காய்கறியை நாமே எடை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டித்தான் பில் போடும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். “தக்காளியை நான் எடை போட வேண்டுமா?” என்று கேட்க நினைத்தவர், “தக்காளிக்கு நான் முத்தம் கொடுக்க வேண்டுமா?” என்று கேட்டுவிட்டார். எடை போடுவதும் முத்தமிடுவதும் முதல் எழுத்தில்தான் வேறுபடும்: ஒன்று ‘பல்’லில் வரும் ப, இன்னொன்று ‘பஸ்’ஸில் வரும் ப. அவர் நோட்டில் இரண்டுமே ‘பெசார்’. இந்தக் கட்டுரையிலும் பாருங்கள், என்னால் அதை வேறு எப்படியும் எழுத முடியவில்லை. காதால் கேட்டு ரோமன் எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள்.

அடுத்தது கௌரவம். ஆசிரியர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வோம். ஸ்பானிஷ் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் ஒரு எழுத்துத் தேர்வு வைப்பார்கள். இலக்கணத்தில் நமக்கு யார் ஈடு? நேராக பி2 வகுப்பில், அதாவது நடுநிலையின் மேல்படியில், உட்கார வைத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பிரேசில் பெண். ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ற வினைமாற்றம் பாதி தப்பு, ஆனால் கடகடவென்று பேசுகிறாள். எனக்கோ எல்லா வினைமாற்றமும் மனப்பாடம், பஸ் டிரைவர் சொன்னது புரியவில்லை. ஒரு வகுப்பு கீழே போக வெட்கப்பட்டு, ஒரு வாரம் தலையாட்டியே ஓட்டினேன். அந்த வாரத்துக்கு நான் கட்டிய கட்டணம் தண்டம். பி1-க்கு மாற்றச் சொல்லிக் கேட்டபோது யாரும் ஒன்றும் நினைக்கவில்லை, அன்று மதியமே மாற்றிவிட்டார்கள்.

சரி, வகுப்பில் நான்கு மணி நேரம் ஸ்பானிஷ். இடைவேளை மணி அடித்ததும்? ஜெர்மன்காரரும் கொரியப் பெண்ணும் நானும் சேர்ந்து நின்றால் இங்கிலீஷ்தான். சாயங்காலமும் அதே கூட்டம். வாரத்துக்கு 20 மணி நேரம் ஸ்பானிஷ், மீதி நேரமெல்லாம் இங்கிலீஷ் என்றால் அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. இதற்குத் தங்கும் இடமே பாதி மருந்து. மாணவர் விடுதியை விட, வயதான ஒருவர் இருக்கும் வீடு நல்லது. அவருக்குப் பேச ஆள் வேண்டும், நமக்கும் வேண்டும்.

என் கதையில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அம்மா தினமும் ராத்திரி பத்து மணிக்கு, சீரியல் முடிந்ததும், வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். கோடையில் ஸ்பெயின் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், அதாவது அங்கே மாலை ஆறரை. ஊரே வெளியே வந்து நடக்கிற நேரம் அது. பிளாசா மயோர் என்கிற 18-ஆம் நூற்றாண்டுச் சதுக்கத்தில் மணிக்கூண்டுக்குக் கீழே ஊர்ப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காத்துக்கொண்டு நிற்பார்கள். நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, ரசம் நன்றாக இருந்ததா, யார் வீட்டுக் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரத்தில்தான் அந்தப் பேச்சை வகுப்புக்கு முன், காலை எட்டரைக்கு மாற்றினேன். இங்கே அப்போது மதியம் பன்னிரண்டு. அம்மா முதலில் கோபித்துக்கொண்டார், அப்புறம் சமையலை முடித்துவிட்டு அவரே கூப்பிட ஆரம்பித்தார்.

மரியாதையிலும் வழுக்கலாம். ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள், ‘தூ’ என்றால் நீ. எழுபதை நெருங்கும் வீட்டுக்கார அம்மாவை நான் உஸ்தெத் போட்டே பேசினேன். அவருக்கோ அது என்னவோ தள்ளி நிறுத்துவது போல. “நான் அவ்வளவு கிழவியா?” என்று கேட்டேவிட்டார். ‘தூ’ என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பிறகுதான் தோன்றியது: பெற்ற அம்மாவை நாம் ‘நீ’ என்றுதானே கூப்பிடுகிறோம்? அதன்பின் சிக்கல் இல்லை. ஆனால் இதையே பொகோட்டாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். கொலம்பியாவின் அந்தப் பக்கங்களில் நெருங்கியவர்களுக்குள்ளேயே உஸ்தெத் புழங்கும். அரசு அலுவலகம் என்றால் ஸ்பெயினிலும் உஸ்தெத்தான் பத்திரம்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது கடற்கரைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பார்சிலோனாவில் தெருப் பலகை முதல் பள்ளிக்கூடம் வரை காட்டலான் மொழி. ஸ்பானிஷும் புழங்கும், ஆனால் தொடக்கநிலையில் இருப்பவருக்கு இரண்டும் கலந்து குழம்பும். கிரனாடா அழகு, ஆனால் அங்கே சொல்லின் கடைசி ‘ஸ்’ காற்றில் கரைந்துவிடும். ‘ஏறக்குறைய’ என்று பொருள்படும் ‘மாஸ் ஓ மேனோஸ்’ என்பது ‘மா ஓ மேனோ’ ஆகும். வானொலித் தமிழை மட்டும் படித்துவிட்டு நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எப்படியோ அப்படி. கெடுதல் இல்லை, தெரிந்து போகவேண்டும். பாடப்புத்தக உச்சரிப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் சலமாங்கா, பயாடோலித் பக்கம் போகலாம். 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் சலமாங்காவில் இருக்கிறது. அதன் முகப்புச் சிற்பத்தில் ஒரு மண்டையோட்டின்மேல் தவளை உட்கார்ந்திருக்கும். அதை யாரும் காட்டாமல் தானே கண்டுபிடிப்பவர் தேர்வில் தேறுவார் என்பார்கள். எனக்கு ஒரு சிறுவன் காட்டிக் கொடுத்துவிட்டான். ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள், ஊர்க்காரர்களில் பாதிப் பேர் விடுமுறைக்குப் போய்விடுவார்கள், பேசக் கிடைப்பவர்களும் சுற்றுலாப் பயணிகள்தான்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. “இறைச்சி இல்லாமல்” என்று மட்டும் சொல்லாதீர்கள். பலர் கணக்கில் பன்றித் தொடைக்கறியான ஹமோனும் டூனா மீனும் அந்தச் சொல்லுக்குள் வராது. ‘காய்கறி சாண்ட்விச்’ என்று பெயர் போட்டு விற்பதில் டூனாவும் முட்டையும் இருக்கும். ஹமோன் வேண்டாம், மீன் வேண்டாம் என்று பேர் பேராகச் சொல்லுங்கள். ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்குத்தான். ஏழு மணிக்கே பசித்தால் பையில் முறுக்கு இருக்கட்டும்.

காகித வேலை: 180 நாளில் 90 நாள் வரை ஷெங்கன் விசா போதும், அதற்கு மேல் மாணவர் விசா. ஆறு மாதத்தைத் தாண்டினால் போலீஸ் சான்றிதழ், அபோஸ்டில் முத்திரை (நம் ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்ற சான்று), ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு என்று நீளும்; சீக்கிரமே ஆரம்பியுங்கள். ஸ்பானிஷ் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், டெலே, சியெலே என்று இரண்டு உண்டு: டெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, சியெலேவுக்கு ஐந்து வருடம். டெலேவுக்குப் பல வாரம் முன்பே பதிவு முடிந்துவிடும். போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் இருந்தேன், ஜூலைத் தேர்வு கை நழுவிப்போனது.

திரும்பி வந்த முதல் மாதம் நான் யாருடனும் ஸ்பானிஷில் பேசவில்லை, வகுப்பில் பாடம் எடுத்ததோடு சரி. நாக்கு மறுபடி கனத்துவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் போடுகிறேன். அவர் முதலில் கேட்பது, “இந்த வாரம் எத்தனை டம்ளர் விழுந்தது?”