விழுந்தவர் இடத்துக்கு வந்தவரை எடைபோடுவது எப்படி?

அமெரிக்க மாநிலம் ஒன்றில் ஆளுநர் மானம் போய் இறங்கி, இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்காரும்போது ஊர் இரண்டு குரலில் பேசும். "இவராவது ஒழுங்காக இருப்பாரா?" என்பது ஒரு குரல். "இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதானே!" என்பது இன்னொன்று. பதவியேற்பு உரையைக் கேட்டு இதைத் தீர்க்க முடியாது; எல்லா உரையிலும் நேர்மை வரும், கண்ணீர்கூட வரும். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: காலியான துணை நாற்காலி, சட்டத்தின் இறுதி வாசகம், பழைய நியமனங்களின் பட்டியல், நன்கொடைக் கணக்கு. அவற்றை எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்தக் குறிப்பு. முதன்மை உதாரணம் இலினாய் மாநிலம், 2009. தேவைப்படும் இடத்தில் நியூயார்க்கும், மாநிலம் அல்லாத அமெரிக்க ஆட்சிப்பகுதியான புவெர்ட்டோ ரிக்கோவும் வரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தியாவின் ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். அமெரிக்க மாநில ஆளுநர் மக்கள் வாக்கில் வருபவர். பட்ஜெட், நியமனம், சட்டத்துக்குக் கையெழுத்து எல்லாம் அவரிடம். நம் முதல்வர் இடம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கே முதல்வர் விழுந்தால் கட்சி கூடி வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் வாரிசு முன்பே தயார். ஆளுநரோடு சேர்ந்தே தேர்தலில் நின்று ஜெயித்த துணை ஆளுநர். இலினாயிலும் அப்படித்தான். மட்டைக் கதை கிளம்புவது இதனால்தான்.

இலினாயில் நடந்தது சுருக்கமாக. ஒபாமா அதிபராகத் தேர்வானதால் காலியான, தாம் ஆளைப் போட்டு நிரப்ப வேண்டிய அமெரிக்க செனட் இடத்தை விலைபேசினார் என்ற குற்றச்சாட்டில், ஆளுநர் ராட் பிளகோயவிச் 2008 டிசம்பர் 9 அன்று எஃப்.பி.ஐ.யால் கைது செய்யப்பட்டார். 2009 ஜனவரி 9 அன்று மாநிலக் கீழவை 114-க்கு 1 என்ற கணக்கில் பதவிநீக்கத் தீர்மானம் போட்டது. ஜனவரி 29 அன்று மேலவை 59-க்கு 0 என்று அவரை நீக்கியது. அன்றே துணை ஆளுநர் பாட் குவின் பதவியேற்றார். அதற்கு முந்தைய ஆளுநர் ஜார்ஜ் ரயன் அப்போது ஊழல் வழக்கில் சிறையில் இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொண்டால், மக்களின் எரிச்சல் எவ்வளவு என்பது புரியும்.

அவருக்குப் பின்னால் யார்?

பதவியேற்ற அன்றே பார்க்க வேண்டியது இது. துணை மேலே போனால் துணையின் இடம் காலி. அதை யார் நிரப்புவது என்று அந்த மாநில அரசியல் சட்டம் சொல்கிறதா என்று தேடுங்கள். இலினாயில் வழி இல்லை. 2011 ஜனவரி வரை அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. வரிசையில் அடுத்தவர் தலைமை வழக்கறிஞர் லிசா மடிகன். கீழவைத் தலைவர் மைக்கேல் மடிகனின் மகள். இந்த ஒரு தகவலைத் தெரிந்துகொண்டாலே அன்றைய பேரங்களில் பாதி விளங்கிவிடும்.

காலி இடம் அலங்காரப் பிரச்சினை இல்லை. நியூயார்க்கில் 2008 மார்ச்சில் ஆளுநர் எலியட் ஸ்பிட்சர் விலகி டேவிட் பாட்டர்சன் ஆளுநரானார், துணை இல்லை. 2009 ஜூனில் மேலவை 31-31 என்று சரிபாதியாகப் பிரிந்தபோது, முடிச்சை அவிழ்க்கும் வாக்கு துணை ஆளுநருடையது; அவரோ இல்லை. ஒரு மாதம் சபை முடங்கியது. பாட்டர்சன் ஜூலையில் ரிச்சர்ட் ராவிட்சைத் துணை ஆளுநராகத் தாமே நியமிக்க, அது செல்லும் என்று செப்டம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 4-க்கு 3 என்று சொன்ன பிறகே சர்ச்சை அடங்கியது.

புவெர்ட்டோ ரிக்கோவில் இன்னும் மோசம். 2019 ஆகஸ்ட் 2 அன்று ஆளுநர் ரிக்கார்டோ ரோசெல்லோ விலகியதும் பெட்ரோ பியர்லூயிசி பதவியேற்றார். மேலவை ஒப்புதல் இல்லாத பதவியேற்பு செல்லாது என்று ஆகஸ்ட் 7 அன்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று மாலையே நீதித்துறைச் செயலர் வாண்டா வாஸ்கஸ் ஆளுநரானார். ஆக, "புதிய ஆளுநர்" என்று தலைப்புச் செய்தி வந்த அன்றே நம்பிக்கையையோ பயத்தையோ முதலீடு செய்ய வேண்டாம். சட்டப்படி அவர்தான் ஆளுநரா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

துணையை நியமிக்க அதிகாரம் இருக்கும் மாநிலத்தில், அந்த நியமனமே புதியவரின் முதல் தேர்வு. நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோவுக்குப் பின் 2021 ஆகஸ்ட் 24 அன்று வந்த கேத்தி ஹோக்கல், பிரையன் பெஞ்சமினைத் துணையாக்கினார். 2022 ஏப்ரலில் நன்கொடை தொடர்பான வழக்கில் அவர் கைதாகி அன்றே விலகினார். அவர் மீதான வழக்கு பின்னாளில் கைவிடப்பட்டது உண்மைதான். ஆனாலும் தூய்மை என்று சொல்லி வந்த ஆட்சிக்கு அந்த நாள் பட்ட அடி பட்டதுதான்.

மலிவான செயல், விலை உயர்ந்த செயல்

முதல் சில வாரங்களில் கைதட்டல் வாங்கும் காரியங்கள் வரிசையாக வரும். குவின், பிளகோயவிச் மூடிவைத்த மாநிலப் பூங்காக்களைத் திறந்தார். சுங்கச்சாலைகளின் மேல் தொங்கிய பழைய ஆளுநரின் பெயர்ப் பலகைகள் உடனே இறக்கப்பட்டன. நல்ல காரியங்கள்தான், மக்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் தராசில் இவற்றுக்கு எடை குறைவு. இவற்றால் அவர் அதிகாரம் ஒரு துளி குறையவில்லை, ஒரு நண்பரும் கோபித்துக்கொள்ளவில்லை.

எடை உள்ள செயலை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: இதனால் இவருடைய சொந்தக் கட்சியில் யாருக்காவது நஷ்டமா? குவின் பதவியேற்கும் முன்பே, ஜனவரி 5 அன்று, சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தார். தலைவர் பாட்ரிக் காலின்ஸ். ரயனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய முன்னாள் அரசு வழக்கறிஞர். ஏப்ரல் கடைசியில் அறிக்கை வந்தது. அதுவரை மதிப்பெண் போடலாம். அறிக்கைக்குப் பிறகுதான் சோதனை.

சட்டத்தின் ஓட்டை எங்கே?

அறிக்கை, சபை நிறைவேற்றிய மசோதா, கையெழுத்தான சட்டம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடுபவர்களே அதிகம். ஏமாற்றம் பிறப்பதும் இங்கேதான்.

இலினாயில் அதுவரை தேர்தல் நன்கொடைக்கு உச்சவரம்பே கிடையாது. 2009 மே மாதம் ஒரு மசோதா நிறைவேறியது. ஓட்டைகள் மலிந்தது என்று கண்டனம் வர, ஆகஸ்டில் குவின் அதை நிராகரித்தார். டிசம்பரில் வேறொன்றில் கையெழுத்திட்டார். தனிநபருக்கு 5,000 டாலர், நிறுவனத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் 10,000, அரசியல் நிதிக் குழுக்களுக்கு 50,000. 2011 ஜனவரி 1 முதல் அமல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட்சியும் சபைத் தலைவர்களும் தம் வேட்பாளருக்குத் தரும் பணத்துக்கு உட்கட்சித் தேர்தலில் மட்டுமே வரம்பு. பொதுத் தேர்தலில் இல்லை. சட்டத்தை எழுதியவர்கள் தங்கள் வீட்டுக் கொல்லைக் கதவை மட்டும் திறந்துவைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு சட்டம் வந்தால் "வரம்பு எவ்வளவு" என்பதைவிட "யாருக்கு வரம்பு இல்லை" என்று தேடுவது நல்லது.

ஆளுநரைத் திரும்ப அழைக்கும் உரிமையும் அப்படித்தான். 2010 நவம்பரில் மக்களே வாக்களித்து அதை அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்கில் 15 சதவீதக் கையெழுத்து வேண்டும். குறைந்தது 25 மாவட்டங்களில் தலா 100. அதுகூடப் பரவாயில்லை. அதற்கு முன்பே கீழவையில் 20 பேர், மேலவையில் 10 பேர் ஒப்பமிட வேண்டும். அதில் ஒரு கட்சிக்காரர் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. அரசியல்வாதிகள் பூட்டைத் திறக்காமல் மக்கள் உள்ளே போக முடியாது.

பழைய ஆட்களின் பட்டியல்

எங்கள் கணக்கில் மிக முக்கியமான வேலை இது. ஆளுநர் ஒருவர் போவார். அவர் வாரியங்களிலும் ஆணையங்களிலும் உட்காரவைத்தவர்கள் அப்படியே இருப்பார்கள். ஒரு தாளில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: பெயர், பதவி, நியமித்தவர், பதவிக்காலம் முடியும் தேதி, கொடுத்த நன்கொடை. எல்லா வாரியங்களையும் எடுத்தால் மூச்சு முட்டும். பணமும் பதவியும் புழங்கும் ஐந்தாறை எடுங்கள்: பல்கலைக்கழக அறங்காவலர் குழு, சுங்கச்சாலை வாரியம், ஓய்வூதிய நிதி வாரியங்கள், சாலைப் போக்குவரத்துத் துறை.

2009 மே மாதம் இலினாய் பல்கலைக்கழகத்தில் சிபாரிசுக்காரர்களுக்கென்று தனி அனுமதிப் பட்டியல் இருந்தது அம்பலமானது. குவின் அமைத்த விசாரணைக் குழு, அறங்காவலர்கள் எல்லோரும் விலக வேண்டும் என்றது. இருவர் மறுத்தார்கள். குவின் அவர்களை அப்படியே விட்டுவிட்டார். உங்கள் பட்டியலில் "விலகியவர்", "மறுத்தவர்", "மறுத்தும் தங்கியவர்" என்று குறித்துவைத்தால் புதியவரின் உறுதி எந்த இடத்தில் தளர்கிறது என்று தானாகத் தெரியும்.

இலினாயில் புதிய நியமனங்களில் ஒரு கண்ணி உண்டு. மேலவை ஒப்புதல் தேவை. ஆனால் அமர்வு நாள் 60-க்குள் மேலவை ஒன்றும் செய்யாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே பொருள். அமர்வு நாள் என்பது சபை கூடும் நாள். காலண்டரில் எண்ணினால் தப்பாகிவிடும்.

நன்கொடையைத் தேடும்போது

இலினாய் மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையத் தேடலில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1,000 டாலரும் அதற்கு மேலும் வந்த நன்கொடையை ஐந்து வேலை நாளுக்குள், தேர்தலுக்கு முந்தைய 30 நாளில் என்றால் இரண்டு வேலை நாளுக்குள், தெரிவிக்க வேண்டும். மற்றவை காலாண்டு அறிக்கையில் வரும். வேட்பாளர் பெயரில் தேடாமல் அவருடைய நிதிக் குழுவின் பெயரில் தேடுங்கள். ஒரே ஆள் மூன்று விதமாகப் பெயர் எழுதியிருப்பார். முகவரியை வைத்துப் பிடிப்பதே சுலபம். ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் அரசு ஒப்பந்தம் வைத்திருப்பவர், அந்த ஒப்பந்தத்தைத் தரும் பதவியாளருக்கு நன்கொடை தரக் கூடாது என்பது 2009 ஜனவரி 1 முதல் சட்டம். அதனால் நிறுவனத்தின் பெயரோடு அதன் உரிமையாளர்கள், மேலதிகாரிகள், அவர்களின் வாழ்க்கைத் துணை பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஆவணம் கேட்டு எழுதுதல்

2009 ஆகஸ்டில் குவின் கையெழுத்திட்டு 2010 ஜனவரி 1 முதல் அமலான தகவல் சட்டம் அவர் ஆட்சியின் உருப்படியான பலன். பதிலுக்கு ஐந்து வேலை நாள்; இன்னும் ஐந்து நாள் நீட்டிக்கலாம். நம் தகவல் உரிமைச் சட்டத்தின் 30 நாளோடு ஒப்பிட்டால் பொறாமையாக இருக்கும். முதல் 50 கறுப்பு-வெள்ளைப் பக்கம் இலவசம். பிறகு பக்கத்துக்கு 15 சென்டுக்கு மேல் வாங்கக் கூடாது.

"எல்லாக் கடிதங்களும் வேண்டும்" என்று எழுதினால் "அளவுக்கு மீறிய சுமை" என்று திரும்பி வரும். இப்படி எழுதுங்கள்: "2009 பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை, இன்ன துறையில் இன்ன பதவிக்குச் சேர்க்கப்பட்டவர்களின் பெயர், பதவிப் பெயர், சேர்ந்த தேதி." தேதி, துறை, ஆவண வகை மூன்றும் இருக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. வணிக நோக்கம் இல்லை என்று மட்டும் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் 21 வேலை நாள் விதிக்குள் தள்ளிவிடுவார்கள். மறுத்தால் 60 நாளுக்குள் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்திலுள்ள பொது அணுகல் ஆலோசகருக்கு மேல்முறையீடு செய்யலாம்.

எந்தப் பயம் பலித்தது?

2009-இல் மக்கள் பயந்தது இன்னொரு திருட்டுக்கு. குவின் மீது குற்ற வழக்கு எதுவும் வரவில்லை. வந்தது வேறு: கவனக்குறைவு. 2009 கடைசியில் சிறைவாசிகளை மிகக் குறுகிய காலத்திலேயே வெளியே விட்ட திட்டம் வெளியே தெரிந்து நிறுத்தப்பட்டது. சிகாகோ வன்முறையைக் குறைக்க 2010-இல் தொடங்கி ஐந்து கோடி டாலருக்கு மேல் செலவழித்த திட்டத்தின் கணக்கும் கண்காணிப்பும் படுமோசம் என்று மாநிலத் தணிக்கையாளர் எழுதினார். சாலைப் போக்குவரத்துத் துறையில் பிளகோயவிச் காலத்தில் தொடங்கிய முறைகேடான ஆள்சேர்ப்பு குவின் காலத்திலும் ஓடிக்கொண்டிருந்ததை 2014-இல் கண்காணிப்பு அதிகாரி கண்டுபிடித்தார். சூடு பட்ட ஊர் திருடனையே தேடிக்கொண்டிருக்கும். பழைய இயந்திரம் யாரும் நிறுத்தாததால் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

வரிப் பயமும் பலித்தது. 3 சதவீத வருமான வரியை 4.5 ஆக்க வேண்டும் என்று 2009 மார்ச்சிலேயே குவின் கேட்டார், கிடைக்கவில்லை. 2010 தேர்தலில் மயிரிழையில் ஜெயித்த பிறகு, 2011 ஜனவரியில் அது 5 சதவீதமானது. இதை வஞ்சகம் என்று குறிக்க வேண்டாம். பழையவர் விட்டுப்போன பற்றாக்குறைக்கு யாராவது கட்டத்தான் வேண்டும். ஆனால் எப்போது கேட்டார், எப்போது நடந்தது என்ற இரண்டு தேதியையும் பட்டியலில் எழுதிவையுங்கள்.

அந்தத் தாளை அடுத்த தேர்தலோடு தூக்கிப்போடாதீர்கள். வன்முறைத் தடுப்புத் திட்டம் பற்றிய தணிக்கை அறிக்கை வந்தது 2014 பிப்ரவரியில். குவின் தோற்றது அதே ஆண்டு நவம்பரில். 2010 வாக்குப்பதிவு முடிந்ததும் கணக்கை மூடியவர்களிடம் அப்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தாளும் இருந்திருக்காது.