‘ஸி’ என்று வந்தால் எப்படிப் பொருள் கொள்வது?

ஸ்பானியர்களின் அன்றாடப் பேச்சில் ‘நோ ஸே ஸி ஸி ஓ ஸி நோ’ என்ற வாக்கியம் வெகு இயல்பாக வரும். ‘ஆமென்பதா, இல்லையென்பதா, எனக்குத் தெரியவில்லை’ என்பது அதன் பொருள். இதில் வரும் மூன்று ‘ஸி’களும் புதிதாகக் கற்பவரின் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆனால் முதலாவதும் மூன்றாவதும் ஐயத்தைக் காட்டும் இடைச்சொற்கள். நடுவில் நிற்பது மட்டுமே ‘ஆம்’. எஸ், ஐ என்ற இரண்டே ரோமன் எழுத்துகளால் ஆன இந்தச் சொல் லத்தீனின் வழிவந்த மொழிகளில் எங்கு எதிர்ப்பட்டாலும், அகராதியைத் திறப்பதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் அகராதியே தேவைப்படாது.

முதலில் இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. லத்தீனில் இவை தனித்தனிச் சொற்களாகவே இருந்தன: ‘ஆனால், ஆயின்’ என்ற நிபந்தனைக்கு ‘ஸீ’, ‘இவ்வாறு’ என்பதற்கு ‘ஸீக்’, ‘தன்னை’ என்பதற்கு ‘ஸே’. ‘ஆம்’ என்பதற்கென்று நிலைத்த ஒரே சொல் லத்தீனில் இல்லை. ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என்று நாம் வினையையே திருப்பிச் சொல்வதுபோல் அவர்களும் சொன்னார்கள், அல்லது ‘இவ்வாறே’ என்றார்கள். அந்த ‘இவ்வாறே’தான் இறுதி மெய் தேய்ந்து இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ‘ஆம்’ ஆயிற்று. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே இந்த மொழிகளை ‘ஆம்’ என்பதற்கு அவை வழங்கும் சொல்லைக் கொண்டே ‘ஓக்’, ‘ஒயில்’, ‘ஸி’ என்று மூன்றாகப் பிரித்தார். தென் பிரான்சின் லாங்தோக் என்ற பகுதிக்குப் பெயர் வந்ததும் இந்த ‘ஓக்’கினால்தான்.

எழுத்தில் இருக்கும் ஸ்பானியத்தைப் படிக்கும்போது, கண் முதலில் தேட வேண்டியது ஐ எழுத்தின் மேலுள்ள சாய்கோட்டை. கோடு இருந்தால் ‘ஆம்’, அல்லது ‘பாரா ஸி’ (தனக்காக) என்பதுபோல் முன்னிடைச்சொல்லை அடுத்து வரும் ‘தன்’. கோடு இல்லாவிட்டால் நிபந்தனை அல்லது ஐயம். பேச்சில் கோடு தெரியாது, ஆனால் அழுத்தம் கேட்கும்: ‘ஆம்’ அழுத்தி ஒலிக்கும், நிபந்தனைச் சொல் அடுத்த சொல்லோடு ஒட்டி ஓடிவிடும். கைப்பேசிக் குறுஞ்செய்திகளில் பலரும் கோடு போடுவதில்லை என்பதால், அங்கே வாக்கியத்தில் அது நிற்கும் இடத்தைத்தான் நம்ப வேண்டும்.

கோடில்லாத ‘ஸி’யைத் தமிழாக்கும்போது அதற்கு முன்னால் என்ன வினை இருக்கிறது என்று பாருங்கள். அறிதல், கேட்டல், ஐயுறுதல் போன்ற வினையாக இருந்தால் நமக்கு வேண்டியது ‘-ஆ என்று’ என்ற அமைப்பு. அப்படி எதுவும் இல்லாவிட்டால் ‘-ஆல்’ விகுதி. ‘ஸி யுவேவே, நோ ஸால்கோ’ என்பது ‘மழை பெய்தால் வெளியே போகமாட்டேன்’. ‘நோ ஸே ஸி வியேனே’ என்பது ‘வருவாளா என்று தெரியவில்லை’. நிபந்தனைப் பொருளில் ‘ஸி’யை அடுத்து எதிர்கால வினை வராது, ஐயப் பொருளில் வரலாம் என்பது கூடுதலாக ஒரு சான்று.

ஸ்பானியத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு பயன்பாடு. ‘யோ ஸி கியேரோ’ என்று ஒருவர் சொன்னால் அதை ‘நான் ஆம் விரும்புகிறேன்’ என்று பெயர்ப்பது பிழை. மற்றவர்கள் வேண்டாம் என்ற இடத்தில் இவர் ‘எனக்கு வேண்டும்’ என்று அழுத்திச் சொல்கிறார். அதுபோலவே கோடில்லாத ‘ஸி’யோடு தொடங்கும் ‘ஸி யா லோ ஸே!’ என்ற வியப்பில் நிபந்தனை எதுவும் கிடையாது. அது நம் ‘அதுதான் எனக்குத் தெரியுமே!’ தமிழின் தேற்றேகாரம் (உறுதி காட்டும் ‘ஏ’) செய்யும் வேலையை அங்கே இந்தச் சிறு சொல் செய்கிறது.

பிரெஞ்சில்தான் தமிழர் அதிகமாக இடறுகிறார்கள். அங்கே வழக்கமான ‘ஆம்’ ‘உய்’. ‘ஸி’ என்பது எதிர்மறையான கேள்வியையோ கூற்றையோ மறுக்கும்போது மட்டும் வரும் ‘ஆம்’. ‘நீ வரவில்லையா?’ என்று கேட்டால், வராதவர் தமிழில் ‘ஆமாம், வரவில்லை’ என்கிறார். அதே பழக்கத்தில் பிரெஞ்சில் ‘உய்’ என்று பதில் சொன்னால், வருகிறாரா இல்லையா என்று எதிரில் இருப்பவர் விழிப்பார். வராதவர் சொல்ல வேண்டியது ‘நோன்’. வருபவர் சொல்ல வேண்டியது ‘ஸி’, அதாவது ‘வருகிறேனே!’. ஜெர்மானியர்கள் இதே இடத்தில் ‘தோஹ்’ என்பார்கள். பதிலாகத் தனித்து நிற்கும் ‘ஸி’ இந்த வகை. ‘ஸி போ’ (அவ்வளவு அழகான) என்பதுபோல் பெயரடைக்கு முன் வருவது ‘அவ்வளவு’. எழுவாய்க்கு முன் வருவது பெரும்பாலும் நிபந்தனை. எல்லோரும் அறிந்த ‘ஸில் வூ ப்ளே’ என்ற மரியாதைத் தொடர்கூட, ‘அது உங்களுக்கு விருப்பமானால்’ என்று நிபந்தனையில் தொடங்குவதுதான். ‘இல்’ என்ற சொல்லுக்கு முன் மட்டுமே இப்படி ஐ எழுத்து தேய்ந்து ‘ஸில்’ ஆகும். ‘எல்’ என்ற பெண்பாலுக்கு முன் தேயாது.

இத்தாலியத்தில் கணக்கு மாறுகிறது. அங்கே நிபந்தனைக்கு ‘ஸே’ இருப்பதால், ‘ஸி’க்கு நிபந்தனைப் பொருளே இல்லை. ஸ்பானியக் கோட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு இருந்தால் ‘ஆம்’. கோடில்லாத ‘ஸி’ வினையைத் தழுவி நின்று ‘தன்னை’ என்றோ, செய்பவரைச் சுட்டாத பொதுவினையாகவோ பொருள்படும்: ‘கோமே ஸி தீச்சே?’ என்றால் ‘இதை எப்படிச் சொல்வார்கள்?’. வீட்டுச் சுவர்களில் தொங்கும் ‘வேந்தேஸி’ என்ற பலகையில் அது வினையின் வாலாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடு விற்பனைக்கு என்று அர்த்தம்.

போர்த்துகீசியத்தில் ‘ஆம்’ மூக்கொலியோடு ‘ஸீம்’ ஆகிவிட்டது. ‘பாரா ஸி’ என்பது போர்ச்சுகலில் மரியாதையாக ‘உங்களுக்கு’ என்றும் வரும், பிரேசிலில் ‘தனக்கு’ என்று மட்டுமே வரும். ருமேனியத்தில் எஸ் எழுத்தின் கீழ் ஒரு சிறு காற்புள்ளி இட்டு ‘ஷி’ என்பார்கள். அதுவும் அந்தப் பழைய ‘இவ்வாறு’வின் வழியில் வந்ததே, ஆனால் அங்கே அதன் பொருள் ‘உம்’. ‘ஆம்’ என்பதற்கு அவர்களிடம் ‘தா’ இருக்கிறது.

இந்தக் குடும்பத்துக்கு வெளியே போனால் மேற்சொன்ன எதுவும் செல்லாது. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியிலும் மலாயிலும் ‘ஸி’ ஆளின் பெயருக்கு முன் நிற்கும் அடையாளம். ஸ்பெயின் பிலிப்பைன்ஸை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது என்பதற்காக அதை ஸ்பானியக் கடன் என்று எண்ணிவிடக் கூடாது. சுவாஹிலியில் ‘மிமி ஸி முவாலிமு’ என்றால் ‘நான் ஆசிரியர் அல்லேன்’, அதாவது ஐரோப்பிய ‘ஆம்’ அங்கே ‘அல்ல’. நன்னூல் எண்ணும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் நம்முடைய ‘சீ’யும் ஒன்று என்பதையும், அது இகழ்ச்சிக் குறிப்பு என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஸ்பானியர் ஒருவர் தொலைபேசியில் ‘ஸி, ஸி, ஸி’ என்று அடுக்கினால் திடுக்கிட வேண்டாம்; அது அவருடைய ‘சரி, சரி, சரி’.